நூற்று எண்பத்தெட்டு

டொலீடோ நகரில் சலவைக்கடைக்கும்
வருமானவரி எழுதித் தருபவர் கடைக்கும் நடுவே
எங்கள் கடை.
கடை என்று சொன்னால் ட்ரென்டுக்குப் பிடிக்காது.
ஸ்டுடியோ.
இரவு எட்டு மணிக்கு விளக்கைப் போட்டு
கேமரா முன் உட்கார்ந்து
பேஸ்பால் அட்டைப் பொட்டலங்களைக் கிழிக்கிறான்.
பணம் கட்டியவர்கள்
அவரவர் சோபாவில் சாய்ந்தபடி பார்க்கிறார்கள்.

பொட்டலத்துக்குப் பன்னிரண்டு.
பதினோரு முகத்தை அவன் கண் தொடுவதில்லை,
கட்டைவிரல் தள்ளிவிடுகிறது.
பன்னிரண்டாவது மினுங்கினால் கத்துகிறான்.
மினுங்கியது தபாலில் போகும்.
மற்றவை என் காலடித் தொட்டிக்கு.

காமன் என்று அவற்றுக்குப் பெயர்.
சாமானியர்கள்.
மூன்றாம் தளத்துக்கு மாற்று ஆள்,
எட்டாவது இன்னிங்ஸில் இடக்கையால்
நாலு பந்து வீசிவிட்டு உட்காருகிறவன்,
முழங்கால் அறுத்துத் தைத்துத் திரும்பி வந்தவன்,
வராமலே போனவன்.
வெள்ளிக்கிழமை தொட்டியைக் கவிழ்ப்பது
ரோஸ்லின் குபியாக் ஆகிய என் வேலை.
மணிக்குப் பதினான்கு டாலர்.

தபால்காரர் எர்னி சொல்வார்:
ஒன்று முதல் முந்நூற்று முப்பது வரை
வரிசை சேர்த்தவர்கள் இருந்தார்களாம்,
ஓர் எண் குறைந்தால் ராத்தூக்கம் போகுமாம்.
இப்போது முழு வரிசையை விற்றால்
அட்டையின் விலையைவிடப் பார்சல் கூலி அதிகம்.
கேட்க ஆளில்லை.

மார்ச்சில் ஒரு ராத்திரி
ஏனென்று தெரியாமல் சட்டைப்பையில் ஒன்பது பேரைப் போட்டுக்கொண்டு
வீட்டுக்குப் போனேன்.
ஒன்பது அறை உள்ள பிளாஸ்டிக் தாள் ஒன்று.
அடுத்த வாரம் இன்னும் நாலு தாள்.
ஆகஸ்டுக்குள் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்.

நட்சத்திரம் எதுவும் தொட்டியில் விழாது.
அதனால் என் வானத்தில்
நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம்
ஓட்டை, முப்பத்தொன்று.
மீதி இடமெல்லாம் ஆட்கள்.
எனக்கு அது முழுசாகத்தான் இருந்தது.

அக்டோபரில் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்,
அமரில்லோவிலிருந்து.
நூற்று எண்பத்தெட்டு இருக்கிறதா?
நெல்சன் அபாடியா. என் தம்பி.
ஜூலையில் அவனை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்,
கூரைகளுக்குத் தார் பூசுகிறான்.
வலையெல்லாம் தேடிவிட்டேன்,
விற்கிற பட்டியலில்கூட யாரும் போடவில்லை.
போடுவதற்கு ஆகும் நேரத்துக்குக் காசு தேறாது,
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கேமராவை மறைத்துக்கொண்டு ட்ரென்ட்,
மூணு காசு அட்டை, இல்லையென்று சொல், என்றான்.
பார்க்கிறேன் என்றேன் அவளிடம்.

இருபத்தொன்றாம் தாள், கடைசி அறை.
வெளியே உருவும்போது பிளாஸ்டிக் கொஞ்சம் இழுத்தது.
தொப்பி சற்றுப் பெரிது அவனுக்கு.
வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கியிருந்தான்.
முதுகுப்பக்கம் ஐந்தடி பதினொன்று,
நூறு தடவை மட்டை பிடித்தால் இருபத்திரண்டு முறை தேறும்,
ஓய்வு நாளில் மீன் பிடிப்பான்.
இதை அச்சடிக்க யாரோ அவனிடம் கேட்டிருக்கிறார்கள்,
அவனும் யோசித்துச் சொல்லியிருக்கிறான்.

பணம் வேண்டாம் என்றேன்.
பிறகு தபால்தலைக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன்.
நல்லது செய்ததாகத் தோன்றவில்லை;
பல் விழுந்த இடத்தை
நாக்கு தேடிப்போகிற மாதிரி இருந்தது.

முப்பத்தொரு ஓட்டை என்னை எழுப்பியதில்லை.
இந்த ஒன்று
விடிகாலை நாலு மணிக்கு எழுப்புகிறது.

தொட்டியில் இப்போது வேறு தொடர், வேறு ஓரக்கோடு,
இந்தப் பருவத்து முகங்கள்.
அவன் அதில் இருக்க வழியே இல்லை.
தெரிந்துதான்
வெள்ளிக்கிழமை கவிழ்ப்பதற்கு முன்
முழங்கைவரை கையை விடுகிறேன்.
மேலே ட்ரென்ட்
ஏதோ மினுங்கியதற்குக் கத்துகிறான்.